செரிக்காத சர்க்கரைக்கு இவ்வளவு மவுசா? தாய்ப்பால் ஒலிகோசாக்கரைடுகள் பற்றி ஒரு விவாதம்

பால்வெளி எழுதியது:

தாய்ப்பாலில் என்ன இருக்கிறது என்று கேட்டால் கொழுப்பு, புரதம், லாக்டோஸ் என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால் லாக்டோஸ், கொழுப்பு இரண்டுக்கும் அடுத்த இடம் ஒலிகோசாக்கரைடுகளுக்கு. இவை கூட்டுச் சர்க்கரைகள். லிட்டருக்கு 5 முதல் 15 கிராம் வரை இருக்கும். சீம்பாலில் 20 கிராமையும் தாண்டும். பல தாய்மாரின் பாலில் புரதத்துக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ இருக்கின்றன. குளுக்கோஸ், காலக்டோஸ், என்-அசிட்டைல்குளுக்கோசமைன், ஃபியூகோஸ், சியாலிக் அமிலம் ஆகிய ஐந்தும் வெவ்வேறு வரிசையில், வெவ்வேறு கிளைகளாகச் சேர்ந்து 150-க்கும் மேற்பட்ட வடிவங்கள். பசும்பாலில் இவை பெயரளவுக்குத்தான்.

இவற்றைச் செரிக்கும் நொதி குழந்தையிடம் கிடையாது. இரைப்பையையும் சிறுகுடலையும் கடந்து அப்படியே பெருங்குடலுக்குப் போகின்றன. ஒரு சதவீதம் அளவுக்குத்தான் ரத்தத்தில் ஏறி, சிறுநீரில் வெளியேறுகிறது. அப்படியானால் தாயின் உடம்பு யாருக்காக இதைச் சமைக்கிறது?

பாக்டீரியாவுக்காக. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஹென்றி டிஸ்ஸியே 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் கவட்டை வடிவ பாக்டீரியாவைப் பார்த்துவிட்டார். இன்று பிஃபிடோபாக்டீரியம் என்கிறோம். அதை வளர்க்கும் பொருள் பாலில் எது என்று தேடி, 1950-களில் ஆய்வாளர்கள் பால் (Paul) ஜியார்ஜியும் ரிச்சர்ட் குன்னும் இந்தச் சர்க்கரைகளிடம் வந்து சேர்ந்தார்கள். 2008-இல் பிஃபிடோபாக்டீரியம் இன்ஃபான்டிஸ் என்ற வகையின் மரபணுத் தொகுதி முழுக்கப் படிக்கப்பட்டது. அதில் இந்தச் சர்க்கரைகளைப் பிடிக்க, உள்ளே இழுக்க, வெட்ட என்றே மரபணுக்கள் வரிசையாக ஒரே இடத்தில் இருக்கின்றன. மற்ற பல பாக்டீரியாக்கள் நொதியை வெளியே விட்டு, சர்க்கரையை வெளியிலேயே வெட்டும். சிதறும் துண்டுகளைப் பக்கத்தில் இருப்பவை தின்னும். இன்ஃபான்டிஸ் அப்படியல்ல. முழு மூலக்கூறையும் உள்ளே இழுத்துக்கொண்டு, உள்ளேயே வெட்டித் தின்றுவிட்டு, அசிட்டேட்டும் லாக்டேட்டும் வெளியே விடுகிறது. குடல் புளிக்கிறது. புளிப்பில் பல கெட்ட கிருமிகளுக்கு வளர வழியில்லை.

என் நிலைப்பாடு இதுதான்: தாய்ப்பாலின் வேலையில் பாதி குழந்தைக்கு, பாதி குழந்தையின் குடலில் இருப்பவற்றுக்கு. ஆகவே தாய்ப்பால் கிடைக்காத குழந்தையின் பவுடர் பாலில் இந்தச் சர்க்கரைகளைச் சேர்ப்பது வரவேற்க வேண்டிய விஷயம்.

சான்று எங்கே எழுதியது:

நல்ல பதிவு. ஆனால் கடைசிப் பத்தியில் பெரிய தாவலாகத் தாவிவிட்டீர்கள்.

தாயின் உடம்பு இவ்வளவு செலவு செய்கிறது, ஆகவே அதற்குப் பயன் இருக்கத்தான் வேண்டும் என்பது ஒரு நல்ல ஊகம். ஊகத்தை வைத்துக் குழந்தைக்கு உணவு தயாரிக்க முடியாது. இந்தத் துறையில் வரும் செய்திகளைப் படிக்கும்போது நான் ஒன்றைத்தான் முதலில் தேடுவேன்: இது எங்கே நடந்தது? கண்ணாடித் தட்டிலா, எலியிலா, தாய்-சேய் ஜோடிகளைக் கவனித்த ஆய்விலா, அல்லது பாதிப் பேருக்குக் கொடுத்து, பாதிப் பேருக்குக் கொடுக்காமல் ஒப்பிட்ட சோதனையிலா? பெரும்பாலானவை முதல் மூன்றில் முடிந்துவிடுகின்றன.

இன்னொன்று. இந்தச் சர்க்கரைகளில் அதிகம் பேசப்படுவது 2-ஃபியூகோசில்லாக்டோஸ். பவுடர் பாலில் சேர்க்கப்படுவதும் பெரும்பாலும் இதுதான். இதைத் தயாரிக்க எஃப்.யூ.டி.2 என்ற மரபணு வேலை செய்ய வேண்டும். மக்கள்தொகைக்கு மக்கள்தொகை மாறும் என்றாலும், பல இடங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு தாய்க்கு அது வேலை செய்வதில்லை. அவர்கள் பாலில் இந்தச் சர்க்கரை கிட்டத்தட்ட இல்லை. அந்தப் பிள்ளைகள் நன்றாகத்தானே வளர்கிறார்கள்? இயற்கையே ஐந்தில் ஒருவருக்குக் கொடுக்காமல் விட்ட பொருளை அத்தியாவசியம் என்று எப்படிச் சொல்வது?

பால்வெளி எழுதியது:

அத்தியாவசியம் என்று நான் சொல்லவில்லை நண்பரே. பயன் உண்டு என்கிறேன். இரண்டும் ஒன்றல்ல.

எஃப்.யூ.டி.2 வேலை செய்யாத தாயின் பால் வெறும் பால் அல்ல. அதில் லாக்டோ-என்-டெட்ராவோஸ் போன்ற மற்றவை இருக்கின்றன. சியாலிக் அமிலம் சேர்ந்தவையும் உண்டு. ஒன்று குறைந்தால் மற்றது கூடுகிறது. அடுத்தது, "நன்றாக வளர்கிறார்கள்" என்பது அந்தக் குழந்தையைச் சுற்றி என்ன கிருமி திரிகிறது என்பதைப் பொறுத்தது. மெக்சிகோ சிட்டியில் 93 தாய்-சேய் ஜோடிகளைக் கவனித்து 2004-இல் வெளியான ஆய்வு இதைத்தான் காட்டியது. 2-ஃபியூகோசில்லாக்டோஸ் அதிகமுள்ள பாலைக் குடித்த குழந்தைகளுக்கு கேம்பிலோபாக்டர் கிருமியால் வரும் வயிற்றுப்போக்கு குறைவு.

அதற்குக் காரணமும் புரிகிறது. நாயுருவி விதை துணியைப் பார்த்தால் ஒட்டிக்கொள்வது மாதிரி, கிருமிகள் குடல் சுவரின் செல்கள் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரை முனைகளைப் பிடித்துக்கொள்கின்றன. அதே வடிவ முனை பாலில் மிதந்து வந்தால் கிருமி அதைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியே போய்விடும். கேம்பிலோபாக்டர் விஷயத்தில் இது சோதனைக்கூடத்திலும் காட்டப்பட்டிருக்கிறது. செயல்படும் விதமும் தெரிகிறது, குழந்தைகளிடமும் அதற்கேற்ற விளைவு தெரிகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

சான்று எங்கே எழுதியது:

என்ன வேண்டும் என்றால், அதே விதம் மற்ற இடத்திலும் அப்படியே நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடக்கவில்லை.

வேலூரில் பச்சிளம் குழந்தைகளிடம் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸில் ஒரு குறிப்பிட்ட வகையை ஆராய்ந்தார்கள். 2018-இல் முடிவு வெளியானது. நீங்கள் சொன்ன கணக்குப்படி பார்த்தால் தாய்ப்பால் சர்க்கரைகள் அந்த வைரஸைத் தடுத்திருக்க வேண்டும். சோதனைக்கூடத்தில் நேர்மாறாக, சில சர்க்கரைகள் இருந்தபோது வைரஸ் செல்களை இன்னும் நன்றாகத் தொற்றியது. நோய்க்குறி இருந்த குழந்தைகளின் தாய்ப்பாலில் அந்தச் சர்க்கரைகளின் அளவும் அதிகம்.

சாம்பியாவின் லுசாகாவில் எச்.ஐ.வி. உள்ள தாய்மாரிடம் நடந்த ஆய்வு, 2012. பாலில் மொத்த ஒலிகோசாக்கரைடு அதிகமாக இருந்தபோது பால்வழித் தொற்று குறைவு. சரி, நல்ல செய்தி. ஆனால் அந்த மொத்தத்தில் 3-சியாலில்லாக்டோஸின் பங்கு அதிகமாக இருந்த தாய்மாரிடம் தொற்று அதிகம். ஒரே குடும்பத்துச் சர்க்கரைகள், ஒன்று ஒரு பக்கம் இழுக்கிறது, இன்னொன்று மறுபக்கம்.

அதனால்தான் "தாய்ப்பால் சர்க்கரை நல்லது" என்று மொத்தமாகப் பேசாதீர்கள் என்கிறேன். எந்தச் சர்க்கரை, எந்தக் கிருமிக்கு, எந்த வயதில் என்று கேட்க வேண்டும். 150 வடிவங்களில் ஒன்றை எடுத்து டின்னில் போட்டுவிட்டு மொத்தக் குடும்பத்தின் புகழையும் அதற்குச் சூட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பிளாட்டிபஸ் பிரியன் எழுதியது:

விவாதத்தின் நடுவே ஒரு சின்னத் தகவல், எனக்கு மிகவும் பிடித்தது. முட்டையிட்டுப் பால் கொடுக்கும் பிளாட்டிபஸ், எக்கிட்னா இரண்டின் பாலிலும் லாக்டோஸ் மிகக் குறைவு. ஒலிகோசாக்கரைடுகள்தான் முக்கியமான சர்க்கரை. இதை வைத்துச் சிலர், பால் முதலில் குட்டியையும் முட்டையையும் கிருமியிடமிருந்து காக்கத்தான் தோன்றியது, அதில் லாக்டோஸ் உணவாகச் சேர்ந்தது பிற்பாடு என்கிறார்கள். பாதுகாப்பு முதலில், சாப்பாடு அப்புறம். பால்வெளியின் கருத்துக்கு இது வலு சேர்க்கும் என்று நினைக்கிறேன்.

சான்று எங்கே எழுதியது:

அருமையான தகவல்தான். ஆனால் எத்தனை கோடி ஆண்டு பழையது என்பதால் இன்றைய பவுடர் பாலில் அதைச் சேர்த்தால் பயன் என்று ஆகிவிடாது.

இரவுப்பணி எழுதியது:

நான் குறைமாதக் குழந்தைகள் பிரிவில் வேலை பார்க்கும் செவிலியர். இந்த விவாதத்தை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் பக்கத்து விஷயம் ஒன்று வராமலே இருப்பதால் எழுதுகிறேன்.

என்.இ.சி. என்று ஒரு நோய். குறைமாதக் குழந்தையின் குடலில் வீக்கம் கண்டு, திசு அழுகி, சில சமயம் குடலே ஓட்டையாகிவிடும். எங்களுக்கு அதைப்போல் பயம் தருவது வேறில்லை. ஒவ்வொரு முறை குழாய் வழியே பால் கொடுப்பதற்கு முன்பும் வயிறு உப்பியிருக்கிறதா, தொட்டால் குழந்தை சுருங்குகிறதா, வாந்தி பச்சையாக வருகிறதா, மலத்தில் ரத்தம் தெரிகிறதா என்று பார்ப்போம். ஒன்று சந்தேகமாக இருந்தாலும் பாலை நிறுத்திவிட்டு மருத்துவரை எழுப்புவோம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு இந்த நோய் பவுடர் பால் குடிப்பவர்களைவிடக் குறைவாக வருகிறது என்பது எங்கள் துறையில் எல்லோரும் ஒப்புக்கொண்டது.

ஏன் குறைகிறது என்று தேடியதில் டைசியாலில்-லாக்டோ-என்-டெட்ராவோஸ் என்ற ஒரே ஒரு சர்க்கரை மேல் கவனம் திரும்பியது. 2012-இல் எலிக்குட்டிகளிடம் பார்த்தார்கள். அந்தச் சர்க்கரை கொடுத்த குட்டிகள் அதிகம் பிழைத்தன. அதில் உள்ள இரண்டு சியாலிக் அமிலங்களில் ஒன்றை நீக்கிவிட்டுக் கொடுத்தால் பலன் போய்விட்டது. பிறகு 2018-இல் குறைமாதக் குழந்தைகளின் தாய்மார் 200 பேரின் பாலை ஆராய்ந்தபோது, நோய் வந்த குழந்தைகளின் தாய்ப்பாலில் அதே சர்க்கரை குறைவாக இருந்தது தெரிந்தது. 2021-இல் வேறொரு குழுவும் அதையே கண்டது. எலியும் குழந்தையும் ஒரே சர்க்கரையைக் காட்டியிருக்கின்றன, சான்று எங்கே சார். இதை வெறும் விளம்பரம் என்று தள்ள முடியாது.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். பால் வங்கியில் தானப் பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்குவார்கள். அதில் உயிருள்ள செல்கள் போய்விடும், நோய் எதிர்ப்புப் புரதங்களிலும் ஒரு பகுதி கெடும். இந்தச் சர்க்கரைகள் பெரிதாகக் கெடுவதில்லை. அம்மாவுக்குப் பால் வருவதற்குள் தானப் பால் கொடுக்கும்போது "சூடாக்கிய பாலில் என்ன சத்து இருக்கப்போகிறது" என்று குடும்பத்தார் கேட்பார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பதில்களில் இதுவும் ஒன்று.

சான்று எங்கே எழுதியது:

இரவுப்பணி அம்மா, உங்கள் பதிவை மதிக்கிறேன். நீங்கள் சொன்னதை நான் விளம்பரம் என்று சொல்லவே இல்லை. குறிப்பிட்ட சர்க்கரை, குறிப்பிட்ட நோய், எலியிலும் குழந்தையிலும் ஒரே திசை. நான் கேட்கும் ஒழுங்கு இதுதான்.

ஆனாலும் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். 2018 ஆய்வில் நோய் வந்த குழந்தைகள் எட்டுப் பேர்தான். சர்க்கரை குறைந்ததால் நோய் வந்ததா, அல்லது தாயின் உடல்நிலை, பிரசவ நேரம் போன்ற வேறு ஏதோ ஒன்று இரண்டையும் பாதித்ததா என்று எட்டுப் பேரை வைத்துப் பிரிக்க முடியாது. அடுத்தது, கடையில் விற்கும் டின்களில் பரவலாகச் சேர்ப்பது 2-ஃபியூகோசில்லாக்டோஸை. நீங்கள் சொன்ன சர்க்கரை வேறு.

உங்கள் வாதம் தாய்ப்பாலுக்கும் தானப் பாலுக்கும் வலு சேர்க்கிறது. டின்னுக்கு அல்ல.

மீரா எழுதியது:

வணக்கம். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. எனக்குக் கொடுக்கும் மருந்து பாலில் இறங்கும் என்பதால் மருத்துவரே தாய்ப்பால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தானப் பால் எங்களுக்குக் கிடைக்கவில்லை. பிறந்ததிலிருந்து பவுடர் பால்தான். இப்போது குடிப்பதில் இந்தச் சர்க்கரை இல்லை. "தாய்ப்பாலில் உள்ள அரிய சத்து" என்று போட்ட டின்னைப் பார்க்கும்போதெல்லாம் குழந்தைக்கு எதையோ கொடுக்காமல் விட்டுவிட்டேனோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. மாற்ற வேண்டுமா, வேண்டாமா? நேராகச் சொல்லுங்கள் அண்ணா, அக்கா யாராவது.

பால்வெளி எழுதியது:

மீரா, நேராகவே சொல்கிறேன். குழந்தை குடிக்கிறது, எடை ஏறுகிறது, மலம் சரியாகப் போகிறது என்றால் அவசரமாக எதையும் மாற்ற வேண்டியதில்லை. குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இந்தச் சர்க்கரை சேர்த்த பால் பயப்படும் பொருளும் அல்ல. மரபணு மாற்றிய ஈ. கோலை போன்ற நுண்ணுயிரிகளை வைத்து நொதிக்கச் செய்து அந்தச் சர்க்கரையைத் தயாரிக்கிறார்கள். பிரித்துத் தூய்மையாக்கிய பிறகு கிடைக்கும் மூலக்கூறு தாய்ப்பாலில் உள்ளதே. 2015, 2016 வாக்கில் அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் இதற்கு வழி விட்டார்கள். சேர்த்த பால் குடித்த குழந்தைகள் சேர்க்காததைக் குடித்தவர்களைப் போலவே வளர்ந்தார்கள். 2017-இல் வந்த ஒரு சோதனையில், இரண்டு சர்க்கரைகள் சேர்த்த பாலைக் குடித்த குழந்தைகளுக்கு முதல் ஆண்டில் மூச்சுக்குழாய் அழற்சி குறைவாக வந்ததாகவும், ஆன்டிபயாடிக் குறைவாகத் தேவைப்பட்டதாகவும் பதிவானது. சான்று எங்கே கேட்ட நான்காவது வகை ஆய்வு இது: பாதிக்குக் கொடுத்து, பாதிக்குக் கொடுக்காமல் பார்த்தது.

சான்று எங்கே எழுதியது:

அந்த ஆய்வை முழுவதும் படித்தேன். அது முதன்மையாக அளக்க வந்தது எடை ஏறுவதை. மூச்சுக்குழாய் அழற்சி கூடவே எடுத்த பல கணக்குகளில் ஒன்று, அதுவும் பெற்றோர் சொன்னதை வைத்து. நிதி கொடுத்தது தயாரிக்கும் நிறுவனம். இதனால் பொய் என்று சொல்ல வரவில்லை. பல விஷயங்களை எண்ணினால் ஒன்றிரண்டு தற்செயலாகவும் நல்லதாகத் தெரியும். அதையே முதன்மைக் கேள்வியாக வைத்து, தொடர்பில்லாத ஒரு குழு மறுபடி செய்து பார்த்து அதே விடை வந்தால் நான் ஏற்றுக்கொள்வேன்.

மீரா, உங்களுக்கு: நீங்கள் குழந்தைக்கு எதையும் மறுக்கவில்லை. இந்தச் சர்க்கரை எதுவுமே இல்லாத பவுடர் பாலில் வளர்ந்த தலைமுறைகள் உண்டு. டின்னில் உள்ள அந்த வாசகம் உங்கள் மனசைக் குறிவைத்து எழுதப்பட்டது. எனக்குக் கோபம் வருவது அந்த வாசகத்தின் மேல்தான். 1981-இல் உலக சுகாதாரப் பேரவை பவுடர் பால் விளம்பரத்துக்கு எதிராக நெறிமுறை கொண்டுவந்ததே இப்படி ஒரு தாயின் மனசை வைத்து வியாபாரம் நடக்கக் கூடாது என்றுதான்.

இரவுப்பணி எழுதியது:

மீரா, கண்ணு, மருந்து எடுத்துக்கொண்டு நீ நல்லபடியாக இருப்பதுதான் பிள்ளைக்கு முதல் சத்து. பாட்டிலைச் சுத்தமாகக் கழுவிக் கொதிக்கவைப்பது, பவுடரையும் தண்ணீரையும் டின்னில் சொன்ன அளவிலேயே கலப்பது, இந்த இரண்டும்தான் டின்னில் எந்தச் சர்க்கரை என்பதைவிட முக்கியம். பவுடரைக் குறைத்துத் தண்ணீராகக் கலக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

பால்வெளிக்கும் ஒரு கேள்வி. நீங்கள் சொன்ன இன்ஃபான்டிஸ் பாக்டீரியா எல்லாக் குழந்தையின் குடலிலும் இருக்கிறதா? தொழில்மயமான நாடுகளில் பல குழந்தைகளிடம் அது இல்லை என்றும், அவர்கள் மலத்தில் இந்தச் சர்க்கரை தின்னப்படாமல் அப்படியே வெளியே வருகிறது என்றும் படித்தேன். நூறு ஆண்டுக்கு முன் தாய்ப்பால் குடித்த குழந்தையின் மலத்தின் பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) 5-ஐ ஒட்டி இருந்தது, இப்போது 6-க்கு மேல் ஏறிவிட்டது என்றும் ஒரு கணக்கு உண்டு. தின்பதற்கு ஆள் இல்லாதபோது சர்க்கரையை மட்டும் சேர்த்து என்ன பயன்?

பால்வெளி எழுதியது:

சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். என் பதில்: சர்க்கரையையும் பாக்டீரியாவையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். வங்கதேசத்தில் கடும் ஊட்டச்சத்துக் குறைவில் இருந்த, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இன்ஃபான்டிஸ் பாக்டீரியாவைக் கொடுத்துப் பார்த்த சோதனை 2022-இல் வந்தது. ஒப்பீட்டுக்காக பாக்டீரியா இல்லாத தூளைப் பெற்றவர்களைவிட அவர்களுக்கு எடை நன்றாக ஏறியது. அதற்கு முன்பே 2016-இல் மலாவி ஆய்வு ஒன்று வந்திருந்தது. வளர்ச்சி மிகவும் குன்றிய குழந்தைகளின் தாய்மார் பாலில் சியாலிக் அமிலம் சேர்ந்த சர்க்கரைகள் குறைவு என்று கண்டார்கள். பிறகு அந்தக் குழந்தைகளின் குடல் பாக்டீரியாவை எலிக்குட்டிகளுக்கும் பன்றிக்குட்டிகளுக்கும் ஏற்றி, பசும்பாலிலிருந்து எடுத்த அதே வகைச் சர்க்கரையைக் கொடுத்தார்கள். வளர்ந்தன. பாக்டீரியா இல்லாத எலிகளுக்குக் கொடுத்தபோது அந்தப் பலன் இல்லை. நீங்கள் கேட்டதற்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியாது.

சான்று எங்கே எழுதியது:

மலாவி ஆய்வு அழகானது, ஒப்புக்கொள்கிறேன். பாக்டீரியா கொடுப்பதில்தான் கவனம் வேண்டும். குறைமாதக் குழந்தைகளுக்கு உயிருள்ள பாக்டீரியா தூள் கொடுப்பது பற்றி அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2023 அக்டோபரில் எச்சரிக்கை விட்டது. கொடுத்த பாக்டீரியாவே ரத்தத்தில் பரவி ஒரு குழந்தை இறந்தது. அதுவும் பிஃபிடோபாக்டீரியம் வகைதான். "இயற்கையாகக் குடலில் இருப்பதுதானே" என்ற நியாயம் அந்தக் குழந்தையைக் காப்பாற்றவில்லை.

இரவுப்பணி எழுதியது:

அந்த எச்சரிக்கை வந்த பிறகு எங்கள் பிரிவிலும் பெரிய விவாதம் நடந்தது. கொடுத்தால் என்.இ.சி. குறையலாம், கொடுத்தால் தொற்றும் வரலாம். இரண்டு பக்கமும் உயிர். அதனால்தான் நான் பிரசவ அறைக்கே போய், முதல் நாளே சீம்பாலைச் சொட்டுச் சொட்டாகக் கையால் பிழிந்து சிரிஞ்சில் எடுக்கக் கற்றுக்கொடுக்கிறேன். எந்தச் சர்க்கரை எந்த வேலை செய்கிறது என்று நீங்கள் முடிவு செய்யும் வரை எல்லாமே அதில் இருக்கிறது.

பால்வெளி எழுதியது:

அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை அம்மா. ஆனால் மீராவின் குழந்தைக்கு அந்தச் சீம்பால் கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு, பாதுகாப்பானது என்று தெரிந்த ஒரு சர்க்கரையை, முழுச் சான்றும் வரட்டும் என்று தள்ளிவைக்கச் சொல்லாதீர்கள் என்பதே என் வாதம். இதில் நான் மாறவில்லை.

சான்று எங்கே எழுதியது:

நானும் மாறவில்லை. சேர்க்கட்டும், தடுக்கச் சொல்லவில்லை. சேர்ப்பவர்கள் "தாய்ப்பாலுக்கு மிக அருகில்" என்று எழுதாமல், எந்தச் சர்க்கரை, லிட்டருக்கு எத்தனை கிராம் என்று டின்னின் முன்பக்கத்திலேயே எழுதட்டும். தாய்ப்பாலில் 150 வகை, இதில் ஒன்று அல்லது இரண்டு என்பதையும் பக்கத்திலேயே போடட்டும். அதைப் பார்த்துவிட்டு மீரா வாங்கினால் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை.

மீரா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இப்போதைக்கு மாற்றவில்லை. அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது மருத்துவரிடம் கேட்கிறேன். அப்படிக் கிராம் கணக்கு போட்ட டின் எதுவும் இருந்தால் இங்கேயே சொல்லுங்கள்.